அறுபது நாள் படியாத திரவம்

ஜூன் 3

அன்புள்ள பட்டாணிக்கு,

கட்டின புருஷன் எப்படி இருக்கிறார் என்று நாத்தனாரிடம் கேட்டு எழுதும் நிலைமை எனக்கு வந்திருக்கிறது பார். அவரையே கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. உன் அண்ணனின் உண்மை நிலவரம் உன் வாயால்தான் தெரிய வேண்டும்.

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். இங்கே தொழிற்சாலை வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் திரும்பக் கொடுக்கும்போது எனக்குப் பேசத் தெம்பு இருப்பதில்லை. தவிர, போனில் நீ என்னை எங்கே பேச விட்டாய்? கம்பெனி வேன் ஒருநாள் விட்டு ஒருநாள் நம் ஆய்வகத்துக்கு வருகிறது. டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரில் நுண்பொடி கலந்து நாம் தயாரித்த நானோ திரவம் இங்கே எட்டு நாள்தான் ஓடியது. அந்த எட்டு நாளும் என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். பிளாஸ்டிக் வாளி வார்க்கிற அச்சு, சுற்றி வெறும் தண்ணீர் ஓடினால் ஆறுவதற்கு இருபத்திரண்டு விநாடி ஆகும். நம் திரவம் ஓடியபோது பத்தொன்பது. மேலாளர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து வாளிவரை பார்த்துவிட்டு, "அப்படி என்னத்தம்மா தண்ணியில கலந்தீங்க? சூடு ஓட்டமா ஓடுதே!" என்றார். ஒன்பதாம் நாள் விடுமுறை என்று பம்ப்பை நிறுத்தினார்கள். மறுநாள் காலை ஓட்டினால் பம்ப் முனகுகிறது, திரவம் நகரவில்லை. ஏன் என்று பார்ப்பதற்குள் அச்சு சூடேறி, குழாய் இணைப்பு பிடுங்கிக்கொண்டு, வெந்நீர் அடித்து ஆபரேட்டர் பெண்ணுக்கு முழங்கை வெந்துவிட்டது. திரவத்தின் சூட்டை இறக்குகிற ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றினோம். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் சுண்ணாம்புச் சேறு மாதிரி வெள்ளையாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. நம் பொடிதான். ஒரே நாளில் அவ்வளவும் அடியில் படிந்துவிட்டது.

ஆனால் ஆய்வகத்தில் இதே திரவம் ஐந்து பாட்டில்களில் அலமாரியில் அசையாமல் அறுபது நாள் நின்றிருக்கிறது. தினமும் காலை பத்து மணிக்கு நீ எடுத்த அறுபது படமும் சுவரில் இருக்கின்றன. ஒன்றில்கூட வண்டல் இல்லை. அதை நம்பித்தான் இங்கே அனுப்பவே கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த ஐந்து பாட்டில்களையும் அந்த அறுபது நாளில் யாராவது தொட்டார்களா? நீ தொட்டாயா? நினைவிருப்பதை ஒன்றுவிடாமல் எழுது. பயப்படாதே, நான் இருக்கிறேன். கையெழுத்தும் தேதியும் போடு. உனக்குத்தான் தேதி போடுகிற பழக்கமே கிடையாதே.

உன் அண்ணி


ஜூன் 5

அன்புள்ள அண்ணிக்கு,

தேதி போட்டாயிற்று, பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணனின் நிலவரம் கேட்டீர்களே. நீங்கள் போன நாளிலிருந்து சட்டையை அவனே தேய்த்துக்கொள்கிறான். காலரில் ஒரு பக்கம் நிற்கிறது, மறுபக்கம் படுத்துக் கிடக்கிறது. ஆபீசில் யாரோ சிரித்துவிட்டார்களாம், முகம் உம்மென்று இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை "உங்க அண்ணி எப்ப வர்றாளாம்?" என்கிறான். "நீயே போன் போட்டுக் கேளேன்டா" என்றால், "எனக்கென்ன, அவ வேலையா இருப்பா" என்று பேப்பருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறான். சரியான அழுத்தக்காரன். அவனை எப்படித்தான் கட்டி மேய்க்கிறீர்களோ!

அந்த ஆபரேட்டர் அம்மாவின் கை இப்போது எப்படி இருக்கிறது? வெந்த இடத்தில் பற்பசையை அப்பிவிடப் போகிறார்கள், விடாதீர்கள். பன்னிரண்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவள் சொல்கிறேன்.

பாட்டில் விஷயம். தொடாமல் எப்படி அண்ணி? காலையில் தூசி தட்டும்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, பத்துத் தரம் நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் படம் எடுப்பேன். அடியில் கொஞ்சம் மாவு மாதிரி தங்கியிருக்கும். குலுக்கினால் கரைந்து பால் மாதிரி ஆகிவிடும், படமும் பளிச்சென்று வரும். "நல்லா குலுக்கிட்டுக் குடிங்க" என்று ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய உடம்பு இது. பாட்டிலைப் பார்த்தாலே கை தன்னால் போகும். ஏன், அது தப்பா? தினமும் பத்து மணிக்குப் படம் எடு என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமைகூட லேப்புக்கு வந்து எடுத்தேன். குலுக்காதே என்று நீங்கள் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானோ என்றால் என்னவென்றே எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. ஒரு தலைமுடியை ஆயிரமாகப் பிளந்த அளவுக்குப் பொடி, அது தண்ணீரில் மிதந்துகொண்டே சூட்டை வாங்கிக்கொண்டு போகும் என்று நீங்கள் சொன்னபோது மாடு மாதிரி தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். இதை வெளியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், மானம் போய்விடும். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கப் போகிற நேரம். உட்கார நாற்காலி கொடுத்த முதல் வேலை இது அண்ணி. மருந்துக்கடையில் பன்னிரண்டு வருஷமும் நின்றே கழித்தேன்.

நான் குலுக்கியதால் அங்கே ஏதாவது ஆகிவிட்டதா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

பட்டாணி


ஜூன் 9

பட்டாணி என்று கூப்பிட எனக்கு இன்று மனசு வரவில்லை.

ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்கிறாய். அந்தப் பாட்டில்களை அலமாரியில் வைத்ததே பொடி தானாகப் படிகிறதா இல்லையா என்று பார்க்கத்தான். படிந்தால் அந்தத் திரவம் உதவாது. படியாமல் நின்றால் எந்த இயந்திரத்துக்குள்ளும் நம்பி ஊற்றலாம். முழுச் சோதனையும் அவ்வளவுதான். அதைத் தினமும் காலையில் கையில் எடுத்துக் குலுக்கிவிட்டு, படியவில்லை என்று படம் எடுத்து ஒட்டியிருக்கிறாய். அறுபது நாள்! காய்ச்சல்காரனை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

இது நாலு வருஷ உழைப்பு. இதற்கு முன்னால் மூன்று திரவம் செய்து மூன்றும் படிந்து, குப்பையில் கொட்டினேன். இது நாலாவது. இது நின்றதால்தான் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. இன்று இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? தலைக்கு மேல் தூக்கிய அதே மேலாளர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சாப்பாட்டு அறையில் என் மேசையில் யாரும் உட்காருவதில்லை. அந்த ஆபரேட்டர் பெண் கட்டுப் போட்ட கையோடு வந்து, "நீங்கதானே மேடம் அந்தத் தண்ணியைக் கொண்டுவந்தது?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது?

உனக்கு இந்த வேலைக்குச் சிபாரிசு பண்ணியது நான். "வீட்டு ஆளைக் கொண்டுவந்து வைக்கிறாள்" என்று பேசினவர்கள் வாயை அடைத்தது நான். என் தலையில் நீயே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாய். வெளியாள் செய்திருந்தால் இவ்வளவு வலிக்காது.

இயக்குநருக்கு நான் அறிக்கை அனுப்பியாக வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுவேன். உறவு என்று பார்த்தால் நான் ஆராய்ச்சியாளரே இல்லை. உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, வளவளவென்று பேசாதே.

அண்ணி


ஜூன் 17

அண்ணி,

விசாரித்தார்கள். வளவளவென்று பேச எனக்கு அங்கே இடமே இல்லை. எனக்குப் பதிலாக என் கடிதம் பேசிவிட்டது.

நீளமான மேசை. எதிரே இயக்குநரும் இன்னும் இரண்டு பேரும். இயக்குநர் உங்கள் அறிக்கையைத் திறந்து, அதன் கடைசியில் பின் பண்ணியிருந்த தாளைப் புரட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார். பார்த்தால், நான் உங்களுக்கு எழுதிய கடிதம்! "அன்புள்ள அண்ணிக்கு" என்று நான் எழுதியிருந்ததற்கு மேலே "இணைப்பு 3" என்று உங்கள் கையெழுத்தில் இருந்தது. பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று எழுதினீர்களே. தேதி போடச் சொன்னீர்களே. எதற்கென்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அவர் சத்தமாகப் படித்தார். அண்ணனின் சட்டைக் காலரிலிருந்து படித்தார். ஒருவர் சிரித்துவிட்டார். நானோ என்றால் எனக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தேனே, அதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு. "வெளியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்பதையும் சேர்த்து விடாமல் படித்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. குனிந்த தலையை நான் நிமிர்த்தவே இல்லை.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். கொடுத்தனுப்பிய வேலைச் சான்றிதழில் "கவனக்குறைவு காரணமாக" என்று எழுதியிருக்கிறது. பழைய மருந்துக்கடைக்குப் போனேன். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதம்மா, உயிர் சம்பந்தப்பட்ட இடம். கவனக்குறைவுன்னு போட்டிருக்கே, நான் எப்படி உன்னைக் கவுண்டர்ல நிறுத்துறது?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் இனி எங்கே போய் நின்றாலும் இதே பதில்தான் வரும்.

சரி, நான் குலுக்கியது என் தப்பு. தெரியாமல் செய்தாலும் தப்பு தப்புதான், அந்த அம்மா கை வெந்திருக்கிறது. நீங்கள் என்னைத் திட்டியதுகூட எனக்குப் பெரிசில்லை. இப்போது நான் ஒன்று கேட்கிறேன்.

என் சாமான்களை எடுக்கப் போனபோது சுவரில் அந்த அறுபது படத்தையும் பார்த்தேன். பதினாலாம் நாளும் பதினைந்தாம் நாளும் எனக்குக் காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியாமல் வீட்டில் கிடந்தேன். மாத்திரையைக் கொடுத்து, போர்த்திவிட்டு, "நீ படு, படத்தை நான் எடுத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனது நீங்கள். அந்த அலமாரிக்குச் சாவி உங்களிடமும் என்னிடமும்தான். நான் குலுக்கினால்தான் நிற்கிற திரவம், நான் இல்லாத அந்த இரண்டு நாளும் எப்படி அண்ணி பால் மாதிரி நின்றது?

சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். என்னை நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தது யார் என்று அந்த இரண்டு படமும் சொல்லிவிட்டன. ஆனாலும் உங்கள் வாயால் கேட்க வேண்டும் எனக்கு.

அண்ணனிடம், வேலை போய்விட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "அண்ணி வரட்டும், அவ பேசி எல்லாத்தையும் சரிபண்ணிடுவா" என்றான். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நான்


ஜூன் 22

பட்டாணி,

இதற்கு முன் நாலு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் தாளில், நீ காய்ச்சல் வேகத்தில் தேதியைக் குழப்பிக்கொண்டாய் என்று எழுதினேன். இரண்டாவதில், அந்த இரண்டு நாளும் திரவம் தானாகத்தான் நின்றது என்று எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எவ்வளவு நேரம்தான் முயற்சி பண்ணுவது?

நான்தான் குலுக்கினேன்.

ஆறாம் நாளே எனக்குத் தெரியும். அன்று ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். ஐந்து பாட்டிலிலும் அடியில் நகக்கண் உயரத்துக்கு வண்டல். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாலாவதும் போயிற்று. இதுவும் படிந்தால் இந்தப் பிரிவையே மூடிவிடுவேன் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். முகம் கழுவப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், நீ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலாகக் குலுக்கிக்கொண்டிருக்கிறாய். உள்ளே வந்து நிறுத்தச் சொல்ல வேண்டியதுதான் என் வேலை. வாய்வரை வந்தது. நீ என்னைப் பார்த்து, "பாருங்க அண்ணி, எவ்வளவு அழகா இருக்கு!" என்றாய். "ஆமாம்" என்றேன். அந்த ஒரு ஆமாமில் ஆரம்பித்தது எல்லாம்.

அதற்குப் பிறகு பத்து மணிக்கு முன்னால் நான் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. நீ கவனித்திருக்க மாட்டாய். நான் பார்க்காதவரை நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு கணக்கு. தொழிற்சாலைக் குழாயில் திரவம் ஓடிக்கொண்டேதானே இருக்கும், படிய அதற்கு நேரம் ஏது என்றும் சொல்லிக்கொண்டேன். பதினாலாம் நாள் நீ படுத்துவிட்டாய். கதவைத் தாழ் போட்டுவிட்டு நானே குலுக்கினேன். பத்துத் தரம், நீ செய்வது மாதிரியே.

உன் கடிதத்தைக் கேட்டு வாங்கியதும் வேண்டுமென்றுதான். குழாய் பிடுங்கிக்கொண்ட அன்றே எனக்குப் புரிந்துவிட்டது, யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று. நீ ஒன்றுவிடாமல் எழுதுவாய் என்றும் தெரியும். உனக்கு மறைக்கத் தெரியாது. ஜூன் ஒன்பதாம் தேதி உன்னைத் திட்டி எழுதினேனே, எழுதும்போது எனக்கு நிஜமாகவே உன்மேல் கோபம் வந்தது. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

இதை உன் ஒருத்தியிடம்தான் சொல்கிறேன். சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் படி. அறிக்கை அப்படியே இருக்கட்டும். இப்போது நான் வாயைத் திறந்தால் ஆய்வேடு போகும், வேலை போகும், என் பெயரை இந்தத் துறையில் யாரும் உச்சரிக்கக்கூட மாட்டார்கள். ஆகஸ்டில் பட்டம் கைக்கு வந்துவிடும். வந்ததும் உனக்கு வேறு இடத்தில், நல்ல இடத்தில், நானே வேலை பார்த்துத் தருகிறேன். உன் அண்ணனுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவர் என்னைப் பெரிய இடத்தில் வைத்திருக்கிறார், அது உனக்கே தெரியும். நம் வீட்டுக்காக இதைச் செய்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

அண்ணி


ஜூன் 25

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நேற்று லேப்புக்குப் போனேன். இயக்குநர் அறைக்கு வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். "ஐயா கூப்பிடுறார், உள்ள போம்மா" என்று உதவியாளர் சொன்னார். எழுந்தேன். "இல்லைங்க, வேற வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.

பட்டாணிக்கு மனசு இளகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஒருத்தி நம்பி எழுதிய கடிதத்தை அந்த மேசையில் வைத்துப் படித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை என் கையால் இன்னொருத்திக்குச் செய்ய முடியவில்லை, அது ஒன்று. இன்னொன்று, நான் கொண்டுபோய்க் கொடுத்தால் நாத்தனாரும் அண்ணியும் ஒருவரையொருவர் மாட்டிவிட்டுக்கொள்கிறார்கள் என்று சிரிப்பார்கள். நீங்கள் மாட்டிக்கொண்டவர் ஆவீர்கள், நான் மாட்டிவிட்டவள் ஆவேன். கவனக்குறைவு என்ற வார்த்தை என் பெயரிலிருந்து போகாது. நீங்களே வாயைத் திறந்தால்தான் அது போகும்.

நம் வீட்டுக்காகச் செய் என்கிறீர்கள். உங்களுக்குப் பட்டம் வரும்வரை நான் கெட்டபேரோடு இருக்க வேண்டும். அதற்கு வீடு என்று பேர் வைக்கிறீர்கள். எனக்கு வேலை வாங்கித் தருவீர்களா? உங்கள் சிபாரிசில் ஒரு தடவை வேலைக்குப் போனேன், போதும். ஆறாம் நாள் "குலுக்காதே பட்டாணி" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த அம்மாவின் கை வெந்திருக்காது. தெரியாமல் செய்ததற்கு நான் தண்டனை வாங்கிவிட்டேன். தெரிந்து செய்த நீங்கள் இன்னும் மேடமாகத்தான் இருக்கிறீர்கள்.

கிழிக்கச் சொன்னீர்கள், கிழிக்கவில்லை. உங்கள் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கூடவே ஒரு கவர் வைத்திருக்கிறேன். இயக்குநர் பெயரும் முகவரியும் எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். கடிதத்தை அதில் வைத்துத் தபாலில் போடுவதா, சுக்குநூறாகக் கிழிப்பதா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். நான் நகல் எடுத்து வைக்கவில்லை. என்னை நம்பலாம், எனக்குத்தான் மறைக்கத் தெரியாதே.

அண்ணன் இரண்டு நாளாக வீட்டை ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கிறான், நீங்கள் வருகிறீர்கள் என்று. அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. அது உங்களுக்காக இல்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் மணியடித்ததும் நான்தான் கதவைத் திறப்பேன். அவன் எனக்குப் பின்னால் பல்லெல்லாம் தெரிய நிற்பான். அவன் முகத்துக்காக நானும் சிரித்துக்கொண்டு, "வாங்க அண்ணி, எவ்வளவு இளைச்சுட்டீங்க!" என்று சொல்லி, உங்கள் கையிலிருந்து பையை வாங்கிக்கொள்வேன். அதை நீங்கள் நம்பிவிடக் கூடாது என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன்.